நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

எங்கே போனாலும் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன், சாப். உங்கள் கூரையில் குறை தேடுகிறேன் என்று எண்ண வேண்டாம். பத்தொன்பது வருடப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது. மகன் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போதும் இப்படித்தான். மருமகள் சிரிப்பாள்.

இந்தப் பையில் கொஞ்சம் சில்கோசா இருக்கிறது. எங்கள் மரத்துக் கொட்டைதான், இந்த வருடத்துக் காய்ப்பு. பெரிய அதிகாரியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதே என்று எடுத்து வந்தேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறேன். லுர்சா வளைவு விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் பஞ்சாயத்து ஆபீஸில் வைத்திருந்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். நிதானமாக இரண்டு தடவை படித்தேன். நான்காம் பக்கத்தில், ஆற்று இரைச்சலால் காவலாளியின் விசில் நடந்துபோனவர்களுக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. விசில் கேட்டது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அதைத் திருத்தப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கியால்சன் நேகி. லுர்சா வளைவின் விசில்காரன். ரோட்டில் நிற்பவன் அல்ல; ரோட்டுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில், ஒரு கல்மேடையில் நிற்பவன். பாறையின் அடியில் நிற்பவனுக்குப் பாறை தெரியாது, சாப். சட்லெஜுக்கு என் கரையில் நின்றால்தான் உச்சியிலிருந்து ரோடு வரைக்கும் அதன் முழு முகமும் தெரியும். வளைவு மொத்தம் இருநூறு தப்படி. இரண்டு முனையிலும் கொடிக்காரர்கள் நிற்பார்கள். பஸ் வந்தால் ஆட்களை இறக்கிவிடுவார்கள். காலி பஸ் முன்னால் போகும், ஆட்கள் பின்னால் வரிசையாக, மலையை ஒட்டி நடப்பார்கள். நடுவில் கல் புறப்பட்டால் நான் ஊதுவேன். நீளமாக ஒன்று ஊதினால், அப்படியே மலைப்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள் என்று அர்த்தம். குட்டையாக இரண்டு ஊதினால், எதையும் பார்க்காதே, ஓடு என்று அர்த்தம்.

எதற்குச் சுவரோடு ஒட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாறையில் பாதி உயரத்தில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வரும் கல் எல்லாம் அதில் பட்டுத் துள்ளி, ரோட்டைத் தாண்டி, ஆற்றுப்பக்கம் போய் விழும். சுவரடியில் நிற்பவன் தலைக்கு மேலே கல் பறந்து போகும். சட்டையில் தூசிகூட ஒட்டாது. எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. நீள விசில் கேட்டால் கல்யாண வீட்டில் நின்றாலும் முதுகு சுவரைத் தேடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லுர்சாவில் வேறு யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். டிரைவர்கள் பாட்டைக்கூட முணுமுணுக்க மாட்டார்கள். விசில் கல்லைக் கூப்பிடும் என்று நம்பிக்கை. அந்த இடத்தில் ஊதும் உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு, அது நான். தோட்டத்தில் முதல் ஆப்பிள் பறித்தால் கோயிலுக்கு ஒன்று போகும், அடுத்தது கம்பிக்கூடையில் ஏறி எனக்கு வரும். நான் கேட்டு வாங்கியதில்லை. அவர்களாக அனுப்புவார்கள்.

கம்பிக்கூடை என்பது ஆற்றின் குறுக்கே ஓடும் இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டி. நான் போய்வருவது அதில்தான். அதன் ரோட்டுப்பக்கத் தூண் வளைவின் மேல்முனையில் இருக்கிறது. கீழ்முனையில் சூர்மணியின் டீக்கடை. அவள் எங்கள் ஊர்ப் பெண், புருஷன் இல்லாதவள், வாய் மட்டும் நான்கு பேருக்கு இருக்கும். தினமும் ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து பிளாஸ்கில் உப்பு டீயும் இரண்டு ஓக்லா ரொட்டியும் எடுத்துக்கொண்டு, மலையை ஒட்டியே இருநூறு தப்படி நடந்து, கூடையில் வைத்து இழுத்துவிடுவாள். பிறகு இக்கரையைப் பார்த்துக் கையைத் தூக்குவாள். நானும் பச்சைக் கொடியைத் தூக்குவேன். பன்னிரண்டு வருடமாக இப்படி.

இந்த வருடம் ஜூனில் பாறைக்கு இரும்பு வலை வந்தது.

நல்ல வலைதான். அதை மறைக்க மாட்டேன். உங்கள் அறிக்கையில் வலை மட்டமானது, ஆணிகள் குட்டையானவை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஆணி அடிப்பதை நான் தினமும் பார்த்தவன். ஓர் ஆள் நீளத்துக்குக் குடைந்து இறக்கினார்கள், சிமெண்டையும் திருடவில்லை. ஜூனியர் இன்ஜினியர் வர்திகா சந்தேல் கூடவே நின்றாள். பிலாஸ்பூர்ப் பெண், மகள் வயது, கயிற்றில் தொங்கிக்கொண்டே ஆட்களைத் திட்டுவாள். உச்சியில் கட்டி, புடவை காயப்போட்ட மாதிரி பாறை முழுக்கத் தொங்கவிட்டார்கள். அடியில் ஒரு தடித்த இரும்புக் கயிறு. அதை வரிசையாகக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கியிருந்தார்கள். விழும் கல் வலைக்கும் பாறைக்கும் நடுவில் உருண்டு வந்து அடியில் மடிபோல் தேங்கும். நிறைந்தால் ரோட்டை மூடி, கிளாம்ப்பைக் கழற்றி, காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேலை முடிந்த அன்று அந்தப் பெண் கூடையில் ஏறி இக்கரைக்கு வந்தாள். வந்து மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாறையைக் காட்டிச் சொன்னாள்.

“நேகிஜி, ஒரு விஷயம் நல்லாக் கேட்டுக்கோங்க. இதுவரைக்கும் கல்லு அந்த மூக்குல பட்டு வெளிய துள்ளிச்சு. அதனால சுவரோரம் நின்னவங்க தப்பிச்சாங்க. இனிமே துள்ளாது. வலைக்குள்ளயே நேரா கீழ வரும். என்னைக்காவது மடி நிறைஞ்சு கிழிஞ்சா சுவரடியிலதான் கொட்டும். இனிமே ஆத்துப்பக்கம் ஒதுங்கணும். உங்க நீள விசிலுக்கு அர்த்தத்தை மாத்தணும்.”

“மாத்தலாம்” என்றேன்.

“நான் சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. கடை, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் எல்லா இடத்துலயும் சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்” என்றேன்.

பிறகு, போகிற போக்கில், தீபாவளியோடு என் இடத்தை எடுத்துவிடப் போவதாகவும், எனக்குச் சாக்கடை தூர்வாரும் குழுவில் இடம் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஒரு ஆரஞ்சு மிட்டாயையும் கொடுத்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று இருந்தேன், சாப். முதலில் சூர்மணியிடம் சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் பத்தொன்பது வருடம் ஒரே சொல்லைச் சொன்னவன், சொன்னது இனி செல்லாது என்று எப்படிப் போய்ச் சொல்வது? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வலை வந்ததும் கொடிக்காரர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் யாரும் இறங்குவதில்லை. பிறகு நான் மேடையிலிருந்து பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் கேட்பீர்கள். எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

முன்பெல்லாம் அந்த இருநூறு தப்படியையும் மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு கடப்பார்கள். குழந்தையின் தலைமேல் கை வைத்துக்கொண்டு கடப்பார்கள். பிறகு கடந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இப்போது அங்கே கார்களை நிறுத்தினார்கள். கதவுகளைத் திறந்து போட்டுப் பாட்டு வைத்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டை வலைக்குள் செருகினார்கள். குழந்தையின் மலத்துணியைச் சுருட்டி வலைக் கண்ணில் திணித்தவளையும் பார்த்தேன். பெரிய பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று சுவரடியில் மூத்திரம் போனார்கள். எங்கள் ஆட்கள் முதுகைச் சாய்த்து உயிரைக் காத்துக்கொண்ட சுவர் அது. ஆகஸ்டில் அந்த நாற்றம் ஆற்றைத் தாண்டி என் மேடைக்கு வந்தது. நான் கொண்டுபோன ரொட்டியைத் தின்ன முடியாமல் ஆற்றில் போட்டேன். ஒருநாள் ஒரு தடியன் காரின் மேல் ஏறி நின்று, என்னைப் பார்த்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். கல் ஒன்றும் விழவில்லை.

இந்த வருடம் முதல் ஆப்பிளும் வரவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூர்மணி மட்டும் டீ கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காதே. நான் கூடையில் இறங்கிக் கடைக்குப் போனால் நான்கு பேர் முன்னால் ஆரம்பிப்பாள்.

“வாங்க அண்ணே. மலைக்குச் சங்கிலி போட்டாச்சு, இனி என்னத்தைக் காவல் காக்கறீங்க? மீனையா?”

“மழை வரட்டும், பாரு.”

“மழை வந்துட்டுப் போயாச்சு. வலைக்காரி கெட்டிக்காரி. நீங்க பேசாம எங்கடைக்கு வாங்க. பால் பொங்கினா ஊதுங்க, ஓடி வந்து இறக்கறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து துப்பினேன். டீ வாயில் புளித்துப்போயிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காட்டாடு வலையில் சிக்கிச் செத்தது. மேலிருந்து வழுக்கி உள்ளே விழுந்து, உருண்டு வந்து, கல்லோடு கல்லாக அடிமடியில் கிடந்தது. கொம்பு மட்டும் வலைக் கண் வழியே ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் போட்டோ எடுத்தார்கள். ஆறு நாள். பல்லை இளித்துக்கொண்டு எடுத்தார்கள். ஏழாம் நாள் வயிறு வெடித்தது. வர்திகா என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்து, “நேகிஜி, உங்களை மாதிரிப் பொறுப்பான ஆளு வேற யாரும் இல்ல. விடியற்காலையில ரெண்டு முனையிலயும் தடுப்பு போட்டுட்டு, நாலு கிளாம்ப்பைக் கழட்டி அதை எடுத்துப் போட்டுட்டு, திரும்ப முடுக்கிடுங்க” என்றாள்.

எடுத்தேன். கையோடு வந்தது தோல் மட்டும்தான். புழு என் மணிக்கட்டில் ஏறியது. அந்தச் சுவரடியில் மண்டியிட்டு, மூத்திரத்துக்கும் மலத்துணிக்கும் நடுவில், வயிற்றில் இருந்ததையெல்லாம் நானும் கொட்டினேன். பிறகு கிளாம்ப்புகளைத் திரும்பப் போட்டேன். ஸ்பேனரால் முடுக்கவில்லை. கையால் திருகிவிட்டு விட்டேன். அங்கே இன்னும் ஒரு நிமிஷம் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். அன்றைக்கு அதுதான் காரணம்.

ஸ்பேனரைத் திருப்பிக் கேட்க அவள் மறந்துபோனாள். நானும் நினைவுபடுத்தவில்லை.

அதற்குப் பிறகு மூன்று விடியற்காலைகளில் கூடையில் ரோட்டுப்பக்கம் போனேன். ஒவ்வொரு முறையும் சில கிளாம்ப். கழற்றவில்லை, தளர்த்தினேன். ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் கட்டியிருப்பது போலவே இருக்கும். கடைசி நாள் போனது செப்டம்பர் பதினேழாம் தேதி. மழை விட்டு மூன்றாம் நாள். நனைந்த பாறையில் மூன்றாம் நாள் வெயில் ஏறும்போதுதான் கல் புறப்படும், இதை எனக்கு எந்த இன்ஜினியரும் சொல்லித்தர வேண்டாம். ஒன்பதிலிருந்து பத்துக்குள் என்று கணக்குப் போட்டேன். சரியாகவே போட்டேன்.

என் எண்ணம் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது. கல் வர வேண்டும், வலையின் அடிமடி அவிழ வேண்டும், நான் ஊத வேண்டும், எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அடி அவிழ்ந்த வலையை உதறிக்கொண்டு கல் பழையபடி அவர்கள் தலைக்கு மேலே துள்ளிப் போக வேண்டும். பிறகு அவர்கள் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணி என்பது சூர்மணி வரும் நேரம் என்பதும் எனக்குத் தெரியும். அவள் பார்க்காவிட்டால் பிறகு யார் பார்த்து என்ன?

அன்றைக்கு வளைவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆற்றுப்பக்கத்தில் ஒரு கார்; அதிலிருந்து இறங்கிய இரண்டு பேர் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் ஆறு தெரிய படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் பறிக்க வந்த நேபாளப் புருஷன் பெண்டாட்டி மேலிருந்து கீழே நடந்து வந்தார்கள், முதுகில் காலிக் கூடைகளோடு. சூர்மணி பிளாஸ்கோடு கீழிருந்து மேலே போனாள்.

ஒன்பது தாண்டியதும் உச்சியில் புகைபோல் தூசி எழுந்தது. நான் ஊதினேன், நீளமாக. அப்படி ஒரு விசிலை நான் என் வாழ்நாளில் ஊதியதில்லை. எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்து என் காதிலேயே அறைந்தது.

சூர்மணி அப்படியே நின்றாள். அவளுக்குக் கேட்டது, சாப். திரும்பினாள். நேபாளத்துக்காரர்களுக்கு என் விசில் தெரியாது, அவர்கள் ரோட்டு நடுவில் விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஓடிப்போய் இருவரின் கையையும் பிடித்து, “சுவரு, சுவரு” என்று இழுத்தாள். சத்தம் எனக்கு வரவில்லை, வாயசைவு தெரிந்தது. இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோடு நிறுத்தி, தானும் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

காரில் வந்த இருவரும் அசையவே இல்லை. ஒருவன் என் பக்கம் திரும்பி, பதிலுக்கு விசில் அடித்தான்.

உச்சியிலிருந்து ரோட்டுக்குக் கல் வர பதினொன்று எண்ணலாம். தூசிக்குப் பின்னால் கல் புறப்பட்டதும் பழக்கத்தில் எண்ணினேன். நான்கில் கல் மூக்கில் பட்டது. துள்ளவில்லை. வலை பிடித்து உள்ளே இழுத்தது. ஐந்தில் வலையின் வயிறு உப்பி நேராகக் கீழே இறங்குவதைப் பார்த்தேன், பாம்பு எலியை விழுங்கினால் இறங்குமே, அப்படி. அந்தப் பெண் மேடையில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் சரி என்று ஐந்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அறிக்கையில் இறந்தவர்கள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி. பிளாஸ்க் உருண்டு வந்து கார்ச் சக்கரத்தில் முட்டி நின்றது. காரில் வந்த இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் எழுந்து பேன்ட்டில் இருந்த தூசியைத் தட்டினான். தட்டிவிட்டு போனைத் தூக்கிக் கற்குவியலைப் படம் எடுக்க ஆரம்பித்தான். சூர்மணியின் கை வெளியே தெரிந்த இடத்தை அவன் கிட்டே போய் எடுத்தான். பிறகு, என் முகத்துக்கு நேரே, நான் இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தின்றுகொண்டிருந்த பாக்கெட்டைச் சுருட்டி ஆற்றில் போட்டான். இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை.

வர்திகாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் தப்பு இல்லை. கிளாம்ப் முடுக்கியிருந்தால் அன்றைக்கு வந்த கல்லில் பாதிக்கு மேல் மடியிலேயே நின்றிருக்கும். ஸ்பேனர் என் வீட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாருக்கும் இது தெரியாது. வலை ஏமாற்றிவிட்டது, பாவம் கியால்சன் தொண்டை கிழிய ஊதினான் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் கூடையில் ஆப்பிள் வந்தது. சூர்மணியின் தம்பி அனுப்பியிருந்தான். தின்றேன். நல்ல இனிப்பு.

நீங்கள் ஒன்று கேட்கப்போகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஆறு எண்ணிக்கை இருக்கிறது. குட்டையாக இரண்டு ஊதினால் ஓடு என்று அர்த்தம். சூர்மணி ஓடியிருப்பாள். ஏன் எதற்கு என்று ஒருநாளும் என் விசிலைக் கேள்வி கேட்டவள் அல்ல அவள். அவர்களையும் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஆற்றுப்பக்கம் போய்ச் சேர ஆறு எண்ணிக்கை தாராளம். விசில் என் உதட்டில்தான் இருந்தது. மூச்சும் இருந்தது.

ஆனால் நீளமாக ஊதிய பிறகு உடனே குட்டையாக ஊதினால், முதலில் ஊதியது தப்பு என்று ஆகிவிடாதா? அதுவும் அந்தக் கார்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

ஊதவில்லை. அவள் தூக்கிய கையைப் பார்த்து நானும் பச்சைக் கொடியைத் தூக்கினேன். எண்ணி முடித்தேன்.

இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். நான்காம் பக்கத்தை மட்டும் என் கண் முன்னாலேயே திருத்திவிடுங்கள், சாப். விசில் நேரத்துக்கு ஊதப்பட்டது. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. மதித்தவர்கள் எல்லாரும் சொன்ன இடத்தில்தான் நின்றார்கள்.